தண்ணீருக்கடியில் போன ஊரைப் பழைய டோபோ ஷீட்டில் தேடுவது: மேட்டூர் நீர்த்தேக்கத்து நாயம்பாடி – ஒரு நிகழ்வு ஆய்வு

கேள்வி

மேட்டூர், கொளத்தூர் வட்டாரத்தில் பூர்வீகம் எது என்று கேட்டால், "நாயம்பாடி. டேம் கட்டினப்ப எந்திரிச்சு வந்துட்டோம்" என்று பதில் வரக்கூடிய வீடுகள் உண்டு. அதற்குமேல் கேட்டால் ஆற்றுக்கு மேற்கே காடு, ஒரு கிணறு, ஒரு கோயில் என்று இரண்டு மூன்று சொற்களோடு நின்றுவிடும். இந்த அளவுத் தகவலை வைத்துக்கொண்டு ஊர் இருந்த இடம், நிலத்தின் சர்வே எண், குடும்பத்தாரின் பெயர்கள் ஆகிய மூன்றையும் எட்ட முடியுமா என்பதே இந்த ஆய்வின் கேள்வி. முதலாவதை எட்டலாம். மற்ற இரண்டும் நிலம் யார் பேரில் இருந்தது என்பதைப் பொறுத்தவை.

மேட்டூர் அணையின் வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அன்றைய சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். நிரம்பினால் 59.25 சதுர மைல், அதாவது 153 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் பரவும். அந்தப் பரப்புக்குள் இருந்த ஊர்கள் எழுந்து கரைக்கு வந்தன. நாயம்பாடி இருந்தது இன்றைய பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் பக்கத்தில். நீர்மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதையும், மக்கள் போய்ப் பார்த்து வருவதையும் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு ஊரின் நினைவு அந்த இரண்டு கட்டடங்களாகச் சுருங்கிவிட்டது. தெரு, வண்டிப்பாதை, கிணறு, காடு எல்லாவற்றையும் திரும்பப் பெற நம்மிடம் இருக்கும் முதல் கருவி, அணைக்கு முன்பு அளந்த ஒரு அங்குல டோபோ ஷீட், அதாவது மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் மேடுபள்ளத்தோடு வரைந்த சர்வே வரைபடம்.

எந்தத் தாள்?

இந்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் தாள் எண் ஒரு முகவரி. கணக்கு தெரிந்தால் யாரையும் கேட்காமல் நாமே கண்டுபிடிக்கலாம். வட அட்சம் 8° முதல் 12° வரை, கிழக்குத் தீர்க்கம் 76° முதல் 80° வரை உள்ள பெருங்கட்டம் 58. அதை ஒரு பாகைக்கு ஒன்றாக 16 கட்டமாகப் பிரித்து, ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்து கொடுத்திருக்கிறார்கள். எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்கும். ஒரு நெடுவரிசை முடிந்ததும் அடுத்ததன் உச்சிக்குப் போகும். வழக்கமான தவறு இங்கேதான். புத்தகம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக எண்ணினால் வேறு ஊரின் தாள் கைக்கு வரும். 11°–12°, 77°–78° கட்டம் இரண்டாம் நெடுவரிசையின் உச்சி, ஆகவே ஐந்தாம் எழுத்தான ஈ (E). அந்த ஒரு பாகைக் கட்டத்தை மறுபடி 15 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) அளவுள்ள 16 துண்டாக்கி, அதே மேல்-கீழ் வரிசையில் 1 முதல் 16 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். மேட்டூர் அணை ஏறத்தாழ 11°48', 77°48'-இல் இருக்கிறது. கடைசி நெடுவரிசையின் உச்சி 13 என்பதால் அணையின் தாள் 58ஈ/13.

அது ஒன்று போதாது. கொளத்தூர்ப் பக்கம் 77°45' கோட்டை ஒட்டியிருக்கிறது. ஊர் ஒரு தாளிலும் அதன் காடு அடுத்த தாளிலும் விழ வாய்ப்புண்டு. எனவே மேற்கே 58ஈ/9 வேண்டும். நீர்த்தேக்கத்தின் வடமுனையும் ஒகேனக்கலும் 12°-க்கு மேலே போவதால் 57எச்/16-உம் சேர்த்து மூன்று தாள்.

இன்றைய நிலையோடு ஒப்பிட, 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களை எடுக்க வேண்டும். அவற்றின் எண் முறை வேறு. 58ஈ/13 அங்கே சி43எஃப்13 என்று வரும். கடைசி எண் மாறாது. இவை சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் கிடைக்கும். பழைய ஒரு அங்குலத் தாள்களுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் வரைபடத் தொகுப்பிலும் தேடலாம். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக வைத்திருக்கும் 1:2,50,000 தாள்களை அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிட்டது. அவற்றில் நீர்த்தேக்கம் ஏற்கெனவே இருக்கும் என்பதால் நாயம்பாடிக்கு உதவாது. மற்ற ஊர்களுக்கு நல்ல தொடக்கம்.

தாளின் ஓரத்தை முதலில் படியுங்கள்

வரைபடத்தில் மூன்று ஆண்டுகள் இருக்கும்: அளந்த ஆண்டு, வெளியிட்ட ஆண்டு, திருத்தி மறுபதிப்பிட்ட ஆண்டு. நூலகப் பட்டியல்களில் பெரும்பாலும் வெளியிட்ட ஆண்டுதான் ஏறியிருக்கும். குடும்ப வரலாற்றுக்கு வேண்டியது அளந்த ஆண்டு. 1934-க்குப் பின் வந்த பதிப்பில் மலை, காடு, ஊர்ப்பெயர் எல்லாம் பழைய அளவையாகவே இருக்க, நீர்ப்பரப்பை மட்டும் நீல மையில் மேலே அச்சிட்டிருக்கலாம். அப்படியானால் கீழே இருந்த ஊர்களின் பெயர்கள் அகற்றப்பட்டிருக்கும். கேட்கும்போதே "1934-க்கு முந்தைய பதிப்பு" என்று எழுதிக் கேளுங்கள். கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யலாம்: மேட்டூருக்கு ரயில் தடம் வரைந்திருந்து, ஆறு இன்னும் ஆறாகவே இருந்தால் அது கட்டுமான காலத்தில் திருத்திய பதிப்பு. தடமும் இல்லை, நீர்ப்பரப்பும் இல்லை என்றால் அணைக்கு முந்தையது.

1905-க்குப் பின் வந்த வண்ணத் தாள்களில் மஞ்சள் பூச்சு சாகுபடி நிலம், பச்சை மரம் செறிந்த இடம், சிவப்பு வீடும் பாதையும், நீலம் நீர், பழுப்பு சமவுயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு). இதற்கு முந்தைய கால் அங்குல அட்லஸ் தாள்களை எடுத்தால் ஒரு பெரிய குழி காத்திருக்கிறது. அவற்றின் தீர்க்கம் சென்னை வானாய்வகத்தை 80°17'21" என்று கொண்டு கணக்கிட்டது. பிற்கால மதிப்பு 80°14'51". வித்தியாசம் 2 கலை 30 விகலை. இந்த அட்சத்தில் அது ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர். கவனிக்காமல் இன்றைய படத்தின் மேல் போட்டால் வலக்கரை (மேற்குக் கரை) ஊர் ஆற்றைத் தாண்டி இடக்கரைக்குப் போய்விடும். மேட்டூரில் கரை மாறினால் ஜில்லாவே மாறும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்கேனும் பொருத்துதலும்

தாளை மடிப்பு நீக்கி, சமதளத்தில் வைத்து, 400 டிபிஐ அளவில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யவும். காப்பகத்தில் கேமராவால்தான் எடுக்க முடியும் என்றால், தாளின் நடுவுக்கு நேர் மேலே நின்று, நான்கு மூலையும் ஒரே படத்தில் விழும்படி ஒன்று, கால் பாகம் கால் பாகமாக நான்கு என ஐந்து படம் எடுங்கள். ஓரத்தில் உள்ள எழுத்துகளை வெட்டிவிடாதீர்கள்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஸ்கேனை அட்ச தீர்க்கத்தோடு பொருத்தும்போது நான்கு மூலைகளோடு நிறுத்திவிடுவது பொதுவான பழக்கம். காகிதம் ஈரத்தில் நீளத்துக்கும் அகலத்துக்கும் வேறு வேறு அளவில் இழுத்திருக்கும். மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் போயிருக்கும். 15 கலைத் தாளில் 5 கலைக்கு ஒரு கோடு வருவதால் வெட்டுப்புள்ளிகள் 4×4 ஆக 16 கிடைக்கும். பதினாறையும் குறியுங்கள். மீதிப் பிழை (பொருத்திய பிறகும் மென்பொருள் காட்டும் விலகல்) ஒரு புள்ளியில் மட்டும் பெரிதாக இருந்தால் அங்கே மடிப்போ, எண்ணைத் தட்டச்சிட்டதில் தவறோ இருக்கிறது. எல்லாப் புள்ளியிலும் ஒரே மாதிரி இருந்தால் அது காகிதச் சுருக்கம்.

ஆயத்தொகுதியை, அதாவது அட்ச தீர்க்கத்தை எந்தப் பூமி வடிவத்தின் மேல் அளப்பது என்பதைத் தேர்வதில் அடுத்த தவறு நேரும். பழைய தாள், பூமியின் வடிவமாக அன்று கொண்ட எவரெஸ்ட் நீளுருண்டையில் அமைந்தது. அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்று சொல்லி ஏற்றினால் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 200 மீட்டர் விலகும். காளியான்பூர் ஆயத்தொகுதியைத் (மென்பொருளில் அதன் எண் இபிஎஸ்ஜி 4146) தேர்ந்தெடுத்து ஏற்றிவிட்டு, பிறகு டபிள்யூஜிஎஸ்84-க்கு மாற்ற வேண்டும். தண்ணீரில் மூழ்காத இரண்டு மூன்று பொருள்களை வைத்துச் சரிபார்க்கவும். மலை உச்சியின் முக்கோணக் குறி, பாறைக்கரடு, ஓடைகள் கூடுமிடம் நல்லவை. சாலை வளைவை நம்ப வேண்டாம். நீர்த்தேக்கம் வந்தபோது இங்கே பாதைகள் புதிதாகப் போடப்பட்டவை.

எல்லாம் சரியாக வந்தாலும் ஒரு எல்லை உண்டு. ஒரு அங்குலத் தாளின் அளவு 1:63,360. தாளில் 1 மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். அரை மில்லிமீட்டர்க் கோடு 30 மீட்டர் அகலச் சாலையாகிவிடும். எனவே ஊரை, குடியிருப்பை, கிணற்றைக் கண்டுபிடிக்கலாம். "எங்க பாட்டன் வீடு இதுதான்" என்று புள்ளி வைக்க முடியாது. அதற்கு 1 மைலுக்கு 16 அங்குலக் கிராம வரைபடம் வேண்டும். அதில் 1 மில்லிமீட்டர் 4 மீட்டர்தான்.

அணையின் அளவுகோலைச் சமவுயரக் கோடாக மாற்றுதல்

இந்த நிகழ்வில் மிகவும் பயன் தரும் பகுதி இது. தினசரிச் செய்தியில் வரும் "மேட்டூர் நீர்மட்டம்" கடல் மட்டத்திலிருந்து எண்ணியதல்ல. முழுக் கொள்ளளவான 120 அடி, கடல் மட்டத்துக்கு மேல் 790 அடிக்குச் (240.79 மீட்டர்) சமம். ஆகவே அளவுகோலின் சுழி 670 அடி. எந்த நாளின் நீர்மட்டத்தோடும் 670-ஐக் கூட்டினால் பழைய டோபோ ஷீட்டின் உயரம் கிடைத்துவிடும்.

நந்தி 70 அடியை ஒட்டித் தலைகாட்டுகிறது என்றால், அதன் தலை ஏறத்தாழ 740 அடி உயரத்தில் இருக்கிறது; பீடம் சில அடி கீழே. 50 அடி இடைவெளியில் கோடு வரைந்த தாளானால் 700 கோட்டுக்கும் 750 கோட்டுக்கும் இடையே, 750-க்கு நெருங்கிய பகுதியில் கோயிலைத் தேட வேண்டும். கோட்டு இடைவெளி எவ்வளவு என்பது தாளின் அடியில் எழுதியிருக்கும். நினைவில் இருப்பதை வைத்துக் கணக்கிடாதீர்கள். பண்ணவாடியிலிருந்து நந்திக்கு ஆற்றைக் கடக்காமல் போய்விடலாம் என்பதால் தேடும் பட்டை வலக்கரையோடு குறுகிவிடுகிறது. அந்தப் பட்டைக்குள் கோயில், ஆலயம் ஆகியவற்றின் குறிகளும் சிவப்புக் குடியிருப்புப் புள்ளிகளும் சேர்ந்து வரும் இடம் எது என்று பார்ப்பதுதான் வேலை.

790 அடிக்கு அச்சிட்ட கோடு இராது. 750-க்கும் 800-க்கும் நடுவே நாமே இழுக்க வேண்டும். செங்குத்தான பாலமலைச் சரிவில் இதில் பிழை வராது. கோடுகள் நெருக்கமாக இருக்கும். கொளத்தூர்ப் பக்கத்து மென்சரிவில் பத்தடி தவறினால் தரையில் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப்போகும். ஒரு காடு மூழ்கியதா, தப்பியதா என்பதை இந்தக் கோட்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இதற்கு 2000-இல் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைப் பயன்படுத்த நினைப்பவர்கள் உண்டு. கரைக்கு மேலே அது சரி. நீர்ப்பரப்புக்குள் அது காட்டுவது அளந்த நாளின் தண்ணீர் மட்டம். அடியில் இருக்கும் தரை அதில் இல்லை. நீருக்கடியில் உள்ள தரையின் உயரத்துக்கு இந்தப் பழைய காகிதம்தான் கைவசம் இருக்கும் நல்ல சான்று.

வறண்ட ஆண்டின் செயற்கைக்கோள் படம் இரண்டாவது சாட்சி. 2017 கோடையில் நீர்மட்டம் மிகவும் கீழே இறங்கியது. சென்டினல்-2 செயற்கைக்கோள் 2015 முதல் படம் எடுக்கிறது. ஒரு புள்ளி 10 மீட்டர். படங்கள் இலவசம். 2017 மார்ச் முதல் ஜூன் வரையிலான மேகமில்லாத நாள் ஒன்றைத் தேர்ந்து, பழைய தாளின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். பழைய ஆற்றுத்தடம், ஓடை வாய், நேர்கோடாகப் போகும் வண்டிப்பாதை ஆகியவை தாளோடு பொருந்த வேண்டும். சின்னச் சின்ன வரப்புகளைக் கண்டு ஏமாற வேண்டாம். தண்ணீர் வடிந்த தரையில் ஆண்டுதோறும் விவசாயம் நடக்கிறது. அந்த வரப்பு போன வருடத்தியதாக இருக்கலாம்.

கரை மாறினால் அலமாரி மாறும்

வரைபடத்திலிருந்து குடும்பத்துக்குப் போகும் வாசல் எல்லைக் கோடு. இன்று அணையின் இருபுறமும் சேலம் மாவட்டம், மேட்டூர் வட்டம். அணைக்கு முந்தைய தாளில் காவேரியின் நடுவே ஜில்லா எல்லை ஓடுகிறது. இடக்கரை சேலம் ஜில்லா: தெற்கே ஓமலூர் தாலுகா, வடக்கே தருமபுரி தாலுகா. வலக்கரை கோயம்புத்தூர் ஜில்லா: காவேரிபுரம், கொளத்தூர்ப் பக்கம் பவானி தாலுகா, பாலாற்றுக்கு (இங்கே காவேரியில் சேரும் ஆறு) வடக்கே கொள்ளேகால் தாலுகா. இந்த எல்லைக்கு வரலாறு உண்டு. 1792-இல் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் திப்புவிடமிருந்து கம்பெனிக்குப் போயின. மேற்குக் கரை 1799 வரை மைசூரோடு இருந்தது. கொள்ளேகால் 1956-இல் மைசூர் மாநிலத்துக்குப் போனது. தருமபுரி 1965-இல் தனி மாவட்டமானது. பவானி 1979-க்குப் பின் ஈரோட்டில் இருக்கிறது.

ஆகவே நாயம்பாடிக்காரர் சேலம் ஆவணங்களில் எத்தனை நாள் தேடினாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். அவருடைய ஊர் கோயம்புத்தூர் ஜில்லா, பவானி தாலுகா என்ற தலைப்பின்கீழ் இருக்கும். "ஆபீஸில் ரெக்கார்டே இல்லை என்றார்கள்" என்று கைவிட்ட தேடல்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். அவற்றில் பல, கேட்ட அலுவலகம் தவறு என்பதால் நின்றுபோனவையாக இருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே பழைய டோபோ ஷீட்டைப் பார்ப்பது தகும்.

தாளில் கிராம எல்லை இருக்காது. அதில் அச்சாகியிருப்பது மக்கள் கூப்பிட்ட குடியிருப்பின் பெயர். வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறாக இருக்கலாம். தாளில் கண்ட பெயரைச் சென்னை மாகாண வருவாய்த்துறையின் ஊர் அகரவரிசைப் பட்டியலில் ஒப்பிட்டு, அது தனிக் கிராமமா, இன்னொன்றின் குக்கிராமமா என்று தெரிந்துகொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டை நம்பாதீர்கள். பாடி 'பேடி' ஆகும், பட்டி 'புட்டி' ஆகும், பாளையம் 'பொல்லியம்' ஆகும். தொடக்க எழுத்தை மட்டும் வைத்துப் பட்டியல் முழுவதையும் கண்ணால் ஓட்டுவதே நல்லது.

வீட்டுப் பத்திரத்தை வரைபடத்தோடு படித்தல்

வீட்டில் பழைய கிரயப் பத்திரமோ அடமானப் பத்திரமோ இருந்தால் அதன் சொத்து விவரத்தில் ஜில்லா, தாலுகா, சப்டி (சார்பதிவு வட்டாரம்), கிராமம், சர்வே எண், செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) என்று வரிசையாக இருக்கும். செக்குபந்தியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது மிகச் சாதாரணம். "காவேரி ஆற்றுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு" என்றால் நிலத்தின் கிழக்கெல்லை ஆறு, மேற்கெல்லை பாதை. நிலம் ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது என்றுதான் பொருள். ஆறு நிலத்துக்கு மேற்கே இருக்கிறது என்று படித்தால் நிலம் எதிர்க்கரைக்குப் போய்விடும்.

கொங்கு வழக்கில் "காடு" என்றால் மானாவாரிப் புஞ்சை. "தோட்டம்" என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். "எங்களுக்கு இருபது ஏக்கர் காடு" என்று தாத்தா சொன்னதைக் கேட்டுத் தாளின் பச்சைப் பகுதியில் தேடக் கூடாது. மஞ்சள் பூச்சில், கிணற்றுக் குறி இல்லாத இடத்தில் தேட வேண்டும். தோட்டமானால் நீலக் கிணற்றுப் புள்ளிக்குப் பக்கத்தில். இந்த ஒரு சொல்லால் தேடல் பல மைல் தள்ளிப் போவதுண்டு.

பத்திரமே இல்லாத வீட்டில் ஜாதகக் குறிப்பையும் கோயில் வரி நோட்டையும் பாருங்கள். பிறந்த ஊர், ஜில்லாவோடு அவற்றில் எழுதியிருப்பதுண்டு. பெண் கொடுத்து எடுத்த ஊர்களின் பட்டியலும் ஒரு வரைபடம்தான். அந்த ஊர்களைத் தாளில் புள்ளியிட்டு, படகுத்துறை, வண்டிப்பாதை, சந்தை ஆகியவற்றோடு இணைத்துப் பார்த்தால், இன்று ஐம்பது கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டிய சம்பந்தி ஊர் அன்றைக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பரிசல் தூரத்தில் இருந்தது தெரியவரும். பண்ணவாடியிலிருந்து நாகமரைக்கு இன்றும் பரிசல் போகிறது. உறவு ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் பெரும்பாலும் கிடைக்காது.

பெயர்கள் இருக்கும் இடம்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பெயர் தேட வேண்டாம். 1921, 1931 கணக்கெடுப்புகளிலிருந்து ஊர்வாரித் தொகைகள் உதவும். வீடுவாரிப் படிவங்கள் பார்வைக்குக் கிடைப்பதில்லை.

மூழ்கிய ஊருக்கு ஒரு தனி வசதி உண்டு. நிலத்தை அரசு 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி எடுத்தது. அந்தச் சட்டத்தின் நடைமுறை ஒவ்வொரு படியிலும் காகிதம் விட்டுப் போகும். 4-ஆம் பிரிவின் முதல் அறிவிப்பு, 6-ஆம் பிரிவின் உறுதி அறிவிப்பு இரண்டும் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் வந்தாக வேண்டும். 6-ஆம் பிரிவு அறிவிப்புகளில் கிராமம், சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, பட்டாதாரர் பெயர் என்று அட்டவணை வருவது வழக்கம். 11-ஆம் பிரிவின்கீழ் கலெக்டர் தரும் தீர்ப்பில் இழப்பீடு யார் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்திருக்கும். அண்ணன், தம்பி, விதவைத் தாய், மைனர் மகன் எல்லாரும் வரும் இடம் அது. தொகை போதாது என்று 18-ஆம் பிரிவில் கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு வழக்குக் கட்டும் இருக்கும்.

தேடும் வரிசை: முதலில் எழும்பூர் காப்பகத்தில் 1925 முதல் 1934 வரையிலான கெஜட்டின் ஆண்டுப் பொருளடக்கம். அதில் 'கோயம்புத்தூர்', 'பவானி', 'காவேரி–மேட்டூர் திட்டம்' ஆகிய மூன்று தலைப்பிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கும். அடுத்து ஜில்லா கெஜட். பிறகு, கிடைத்த சர்வே எண்ணை வைத்துச் செட்டில்மென்ட் பதிவேடு (நிலவரி நிர்ணயித்தபோது எழுதியது), கிராம வரைபடம். சர்வே எண் இல்லாமல் பதிவேட்டைக் கேட்டால் கட்டுகளைப் புரட்டியே நாள் போய்விடும். வில்லங்கச் சான்று இணையத்தில் பின்னாள் பதிவுகளுக்கே கிடைக்கும். 1930-களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடலுக்கு மனு போட வேண்டும். அதுவும் அன்றைய பவானி தாலுகாவுக்குரிய அலுவலகத்தில்.

கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு நில ஆவணத்தைவிட நல்லது. தாய் தந்தை பெயரும் ஞானத் தாய் தந்தை பெயரும் அதில் இருக்கும். கத்தோலிக்கராக இருந்தால் சேலம் மறைமாவட்டம் 1930-இல்தான் உருவானது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முந்தைய பதிவு எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்று முதலில் கேட்டறிய வேண்டும். ஆலயம் மூழ்கினாலும் பதிவேடு பங்கோடு கரையேறியிருக்கும்.

குடியேறிய ஊரைக் கண்டுபிடிக்கப் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, நீர்க்கோட்டுக்கு வெளியே புதிதாக முளைத்த பெயர்களை எழுதுங்கள். 'புது' என்ற முன்னொட்டு முதல் தடயம். அதே பெயரில் பழைய தாளில் 790 அடிக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'புது' எல்லாமே அணையால் வந்ததல்ல. பழைய தாளிலேயே அந்த 'புது' ஊர் இருந்துவிட்டால் கதை வேறு.

தரையில் பார்ப்பது

நீர் வடிந்த காலத்தில் போகிறவர்கள் அன்றைய நீர்மட்டத்தைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓரத்தில் நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுத்தால், அந்தப் புள்ளியின் உயரம் 670 கூட்டிய அளவு. கருவி காட்டும் உயரத்தைவிட இது நம்பகமானது. அப்படி வெவ்வேறு மட்டத்தில் எடுத்த பத்துப் புள்ளிகள் இருந்தால் உங்கள் சமவுயரக் கோட்டைத் திருத்திக்கொள்ளலாம். மேலே காய்ந்து வெடித்திருக்கும் வண்டல் அடியில் இளகியே இருக்கும். உள்ளூர் மீனவர் துணையில்லாமல் இறங்க வேண்டாம். கல், காசு, சிலைத் துண்டு எதையும் எடுக்கக் கூடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் ஒருபுறம் இருக்க, இடம் மாறிய கல் அதன்பின் எதற்கும் சான்றாகாது.

பட்டா இல்லாதவர்கள்

மேலே சொன்ன காகித வழி முழுவதும் பட்டாதாரருக்கானது. பண்ணையில் வேலை செய்த குடும்பங்கள், மீன்பிடித்தவர்கள், பரிசல் ஓட்டியவர்கள், நத்தத்திலோ புறம்போக்கிலோ குடிசை போட்டிருந்தவர்கள் கெஜட் அட்டவணையில் வரமாட்டார்கள். அவர்களும்தான் எழுந்து வந்தார்கள். ஊர் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, பெயரில்லாமல் நிற்கும் நான்கைந்து சிவப்புப் புள்ளிகளாக மட்டுமே டோபோ ஷீட் அவர்களைக் காட்டும். அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு எழுதும் ஊர் வரலாறு பாதி வரலாறு.

இங்கே வரைபடத்தை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். நாயம்பாடிப் பகுதியை நான்கு மடங்கு பெரிதாக்கி அச்சிடுங்கள். ஆறு, ஓடை, மலை மட்டும் தெரியும்படி ஒரு படி. பெயர்களோடு ஒரு படி. பெரியவர்களிடம் முதலில் பெயரில்லாத படியைக் கொடுங்கள். நேரில் கண்டவர்கள் இன்று அரிது. தாயும் தந்தையும் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வடக்கு மேலே என்று சொன்னால் குழம்புவார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பாலமலை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் மலை வரும்படி தாளைத் திருப்பி வைக்க வேண்டும். "வீடு எங்கே" என்று தொடங்காதீர்கள். தண்ணீர் எடுக்க எந்த வழியாகப் போவார்கள், சந்தைக்கு எந்த வழி, பிணம் தூக்கிப் போகும் வழி எது என்று வழிகளாகக் கேளுங்கள். வழி கிடைத்தால் அதன் இருபுறமும் யார் இருந்தார்கள் என்பது தானே வரும். சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே, சொன்னவர் யாரிடம் கேட்டது என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் உள்ள படியை அதற்குப் பிறகே விரிக்க வேண்டும். முதலிலேயே காட்டிவிட்டால் அச்சில் இருப்பதை அவர்களும் ஆமோதித்துவிடுவார்கள். அச்சில் இல்லாத காட்டுப் பெயரும் ஓடைப் பெயரும் வெளியே வராமல் போய்விடும்.